பதினாலாவது கோடு

முப்பத்திரண்டு வருஷம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். எந்த பஸ் முன்னால் போக வேண்டும், எது பின்னால் நிற்க வேண்டும் என்பதை என் வலது கைதான் தீர்மானிக்கும். இரண்டு நிமிஷம் முந்திக்கொண்டு கிளம்பப் பார்த்த டிரைவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, கையைத் தூக்கி நிறுத்தி, எல்லார் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன். அப்படிப்பட்டவன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் வரிசையை மீறினேன். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது சொல்லித் தொலைக்கிறேன்.

வலது கண்ணில் புரை. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நீளமான பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லாருக்கும் பச்சை அங்கி, பச்சைத் தொப்பி. மணிக்கட்டில் பிளாஸ்திரி ஒட்டி அதில் பேனாவால் நம்பர் போட்டிருந்தார்கள். எனக்கு எட்டு. பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு ஏழு. என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருக்கும். ஆள்காட்டி விரல் நகம் முழுக்கக் கறுத்துக் கிடந்தது.

"ஜன்னல் கதவுல நசுங்கிடுச்சு அண்ணே," என்றார் நான் பார்ப்பதைப் பார்த்து. "தெருவைப் பாத்த ஜன்னல். ஒரே முரட்டுக் கதவு."

பேசப் பேச எல்லாம் வந்தது. இன்னொரு கண் சின்ன வயதிலேயே போய்விட்டதாம். மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். வீட்டில் அக்கா படுத்த படுக்கை. இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

"டாக்டரம்மா கேட்டாங்க, தூரத்துக்குத் தெரியற மாதிரி லென்ஸ் வைக்கவா, கிட்டத்துக்குத் தெரியற மாதிரி வைக்கவான்னு. கிட்டத்துக்கே வைங்கன்னுட்டேன். தூரத்துல எனக்கு யாரு இருக்கா? அக்காவுக்குக் காலைல எட்டு மணிக்கு இன்சுலின் போடணும். பதினாலு கோடு. அந்த ஊசியில கோடு எல்லாம் எறும்புக் கால் தண்டிதான் இருக்கு. அது தெரிஞ்சா எனக்குப் போதும்."

"எனக்கு தூரத்துக்கு. பஸ் போர்டு தெரியணும்," என்றேன்.

"ரிட்டயர் ஆனப்புறம் எந்த பஸ்ஸை அனுப்பப் போறீங்க?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு எழுந்தார். "இன்னைக்கு ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரங்க ஊசி போடறேன்னாங்க. போட்டாங்களான்னு ஒரு வார்த்தை போன்ல கேட்டுட்டு ஓடி வந்துடறேன் அண்ணே." வராந்தாவின் கோடியில் இருந்த போன் கவுண்டருக்குப் போனார்.

கதவு திறந்தது. நர்ஸ் தலையை நீட்டி, "ஏழு! ஏழு யாரு?" என்றார்.

வரிசையை விட்டுப் போனவர்மேல் வந்த கோபத்தில் எழுந்தேன் என்று சொன்னால் எனக்கு மரியாதையாக இருக்கும். உண்மை அது இல்லை. பயம். உள்ளேயிருந்து ஏதோ கருவி 'டொக் டொக்' என்று சத்தம் போட்டபடி இருந்தது. இரண்டு மணி நேரமாக அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் அங்கியோடு வீட்டுக்கு ஓடியிருப்பேன். அங்கியின் கையை இழுத்துப் பிளாஸ்திரியை மறைத்துக்கொண்டு, "நான்தான்," என்றேன்.

உள்ளே ஒவ்வொரு நம்பருக்கும் அவரவர் கண்ணை அளந்து, அவரவருக்கு ஏற்ற பவரில் லென்ஸ் எடுத்து, வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னது? படுக்க வைத்து முகத்தைத் துணியால் மூடினார்கள். கண்ணுக்கு மட்டும் ஓட்டை. அந்தத் துணிக்குக் கீழே கிடப்பது ஆணா பெண்ணா என்பதுகூட யாருக்கும் தெரியாது. இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது.

நான் வெளியே வந்தபோது அந்த அம்மா பெஞ்சில் இருந்தார். "எட்டு!" என்று நர்ஸ் கூப்பிட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்தார், தன் மணிக்கட்டைப் பார்த்தார்.

"நீங்க இல்லைன்னு என்னைக் கூப்பிட்டுட்டாங்க. இப்ப உங்களைத்தான், போங்க," என்றேன். எழுந்து உள்ளே போனார். சாயங்காலம் பெரிய நர்ஸ் அவரவர் ஃபைலை அவரவரிடம் கொடுத்து அனுப்பினார். என் ஃபைலில் எட்டாம் நம்பர் லென்ஸின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. காகிதத்தில் எல்லாம் சரி.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். வாசற்படியில் நின்ற என் மனைவியின் முகம் பிசைந்து வைத்த மாவு மாதிரி இருந்தது. கையை முகத்துக்கு ஓரடி பக்கத்தில் கொண்டுவந்தால் மட்டும் ரேகை ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம். ஓரடிக்கு அப்பால் உலகமே புகை. இடது கண்ணிலும் புரை இருந்ததால் அதுவும் உதவவில்லை.

"கிட்ட வந்தாத்தான் தெரியுதுன்னா, இத்தனை வருஷம் கழிச்சு இப்பவாவது என்னைக் கிட்ட வந்து பாருங்க," என்றாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள்.

நாலாம் நாள் காலை. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பரை முகத்துக்கு ஓரடியில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தேன். சுவர்க் கடிகாரம் எட்டு அடித்தது. எட்டாவது மணி ஓய்வதற்குள் எழுத்துகள் எல்லாம் வெளுத்துப்போயின. அந்த இடத்தில் ஒரு கை தெரிந்தது.

ஒரு கை இல்லை, இரண்டு. இடது கையில் கவிழ்த்துப் பிடித்த சின்னக் கண்ணாடி பாட்டில். வலது கையில் ஊசி. பாட்டிலின் ரப்பர் மூடிக்குள் ஊசி முனை. பாட்டிலில் ஒட்டிய துண்டுக் காகிதத்தில் பெரிதாக 'காலை 14' என்று எழுதியிருந்தது. ஊசியின் கோடுகள் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தன. தண்டைப் பிடித்து இழுத்த ஆள்காட்டி விரல் நகம் கறுப்பு.

பத்து. பதினாலு. நிற்கவில்லை. பதினெட்டு. இருபத்திரண்டு.

எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பேப்பரைப் போட்டுவிட்டு, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, "ஹோல்டான்!" என்று கத்தினேன்.

கை நின்றது.

உள்ளங்கையைப் பின்னுக்கு அசைத்தேன், பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கச் சொல்கிற மாதிரி. தண்டு மெதுவாக உள்ளே போனது. இருபது. பதினேழு. பதினைந்து. பதினாலில் விரல்களை மடக்கி முஷ்டி பிடித்தேன். நின்றது. "ரைட்," என்றேன். ஊசி பாட்டிலைவிட்டு வெளியே வந்தது. பிறகு தரையில் கிடந்த பேப்பரின் மங்கல் மட்டும்தான்.

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "காலங்காத்தால வீட்டுக்குள்ள எந்த பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கறீங்க?"

"சும்மா இரு," என்றேன். கீழே கிடந்த பேப்பரைப் பொறுக்கி எடுத்தேன்.

மறுநாளும் எட்டு மணிக்கு வந்தது. அதற்கடுத்த நாளும். முதலில் கண் செய்கிற வேலை என்று நினைத்தேன். பிறகு மூளை செய்கிற வேலை என்று நினைத்தேன். மூன்றாம் நாள், சோதித்துப் பார்ப்போமே என்று, வேண்டுமென்றே கையைத் தூக்காமல் இருந்தேன். தண்டு இருபதைத் தாண்டியது, முப்பதைத் தாண்டியது. முப்பத்தாறில் என்னால் தாங்க முடியவில்லை, தூக்கிவிட்டேன். அந்த விரல் அப்படியே நின்றது; பதினாலுக்குப் பின்னுக்கு வாங்கினேன். அதன் பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த அம்மாவுக்குக் கோடு தெரியவில்லை. கோடு தெரிகிற லென்ஸ் என் கண்ணில் இருக்கிறது.

எட்டாம் நாள் பரிசோதனை. டாக்டரம்மா என் கண்ணுக்கு முன்னால் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார்.

"மைனஸ் மூணு காட்டுது. தூரத்துக்குன்னு கணக்குப் போட்டுத்தானே லென்ஸ் வச்சோம்? அளவெல்லாம் சரியா இருக்கு, ஸ்டிக்கரும் சரி," என்றார். பேனாவைத் தட்டிக்கொண்டே யோசித்தார். "ஐயா, அன்னைக்குத் தியேட்டர்ல வரிசை ஏதாவது மாறிச்சா? உங்க நம்பரைத்தானே கூப்பிட்டாங்க?"

இதுதான் அந்த நிமிஷம். ஒரு வார்த்தை போதும். அந்த அம்மாவைக் கூப்பிட்டிருப்பார்கள், ஒரு கண்ணாடியாவது மாட்டி அனுப்பியிருப்பார்கள். பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். கதவோரம் அந்த நர்ஸ் நின்றிருந்தார். வரிசை வரிசை என்று வாழ்நாள் முழுக்க ஊரையே வறுத்தெடுத்தவன் நான்.

"எட்டுன்னு கூப்பிட்டாங்க, எட்டாவது ஆளா போனேன்," என்றேன்.

"அப்ப இது எப்பவாவது ஆகறதுதான். பயப்படாதீங்க, சரி பண்ணிடலாம். உள்ள வச்ச லென்ஸை இனிமே எடுக்கறது கண்ணுக்கு நல்லதில்ல, அது பாட்டுக்கு அங்கயே இருக்கட்டும். அதுக்கு முன்னாடி மெல்லிசா இன்னொரு லென்ஸ் வச்சிடறேன். முதல் லென்ஸோட பிழையை ரெண்டாவது சரிக்கட்டிடும். தூரம் பளிச்சுன்னு தெரியும்."

"பழசு உள்ளயே இருக்குமா டாக்டர்?"

"இருக்கும். உங்களுக்கு அது இருக்கறதே தெரியாது."

இரண்டு வாரம் தள்ளி ஒரு புதன்கிழமைக்குத் தேதி கொடுத்தார். வெளியே வரும்போது, பொதுவாகக் கேட்பது போல நர்ஸிடம் கேட்டேன், அன்றைக்கு ஆபரேஷன் ஆன எல்லாரும் வந்து காட்டிவிட்டார்களா என்று.

"ஒரு அம்மா மட்டும் வரல. வீட்டுல நோயாளியை விட்டுட்டு வர ஆள் இல்லையாம்," என்றார்.

அந்த இரண்டு வாரமும் தினமும் எட்டு மணிக்கு நான் டூட்டியில் இருந்தேன். வேறு எப்படிச் சொல்வது? ஏழே முக்காலுக்கே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். கை தெரியும். தூக்குவேன், பின்னுக்கு வாங்குவேன், பதினாலில் முஷ்டி, "ரைட்". என் மனைவி முதலில் கிண்டல் செய்தாள், பிறகு கவலைப்பட்டாள். பிறகு, "டெப்போவை விட்டு வந்தாலும் டெப்போ உங்களை விட்டு வரல," என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

ஏனென்றால் ஒருநாள் தாமதமாகிவிட்டது. குளியலறையில் குழாய் திருகு கழன்று கையோடு வந்துவிட்டது, அடைத்துவிட்டு ஈரக் காலோடு ஓடி வந்து உட்காரும்போது எட்டு ஐந்து. எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். முடியவில்லை. பாட்டில் கவிழ்ந்தபடி, ஊசி அதற்குள் குத்தியபடி, தண்டை இழுக்காமல் அந்தக் கறுத்த நகம் அசையாமல் இருந்தது. என் கண் அதன்மேல் பட்டு, நான் கையைத் தூக்கத் தயாரான பிறகுதான் இழுக்கவே ஆரம்பித்தது.

அந்த அம்மா எனக்காகக் காத்திருந்தார்.

அதுவரை நான் எங்கேயோ இருந்து பார்க்கிறவன் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. ஒரு உயிர் என் கையில் கட்டி வைக்கப்பட்டிருந்தது. இனி ஒருநாள் காய்ச்சல் என்று படுக்க முடியாது, ஒரு கல்யாணம் காட்சி என்று வெளியூர் போக முடியாது. எவ்வளவு நாள்? யாரிடம் போய்ச் சொல்வது? 'வரிசையை மீறிவிட்டேன், அதனால் இன்னொருத்தர் ஊசி என் கண்ணில் தெரிகிறது' என்றா? கண் டாக்டர் என்னை வேறு டாக்டரிடம் அனுப்புவார். 'ஊசி தெரிகிறது' என்பதை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டுமாவது சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தெரியும். ஒவ்வொரு ராத்திரியும் நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று படுப்பேன், காலையில் கையைத் தூக்கிவிட்டு, இன்றைக்குத்தான் சரியாகப் போய்விட்டதே என்று இருந்துவிடுவேன்.

புதன்கிழமை வந்தது. காலை எட்டு மணிக்கு வழக்கம் போல பதினாலில் நிறுத்தினேன். "ரைட்," என்றேன். அப்புறம், "இதோட சரிம்மா. நாளைலருந்து பக்கத்து வீட்டுல யாரையாவது பாத்துக்கச் சொல்லுங்க," என்று அந்தக் கையிடம் சொன்னேன். கைக்குக் காது ஏது? மத்தியானம் லென்ஸ் வைத்தார்கள். இந்தத் தடவை என் நம்பர் மூன்று. மணிக்கட்டை நீட்டிக் காட்டிவிட்டு, மூன்றாவது ஆளாகப் போனேன்.

வியாழக்கிழமை காலை கண்ணில் கட்டோடு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கட்டைப் பிரிக்கப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கடிகாரம் எட்டு அடித்தது. கட்டுக்குள் இருட்டுதான், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் என் வலது கை தானாக எழப் பார்த்தது. எதற்குத் தூக்குவது? கோடு தெரியாமல் எங்கே நிறுத்துவது? எல்லாம் முடிந்துபோன விஷயம் என்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். "குளிருதா?" என்று என் மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன்.

கட்டைப் பிரித்ததும் உலகம் பளிச்சென்று வந்து நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் இருந்தே தெருமுனையில் திரும்புகிற பஸ்ஸின் போர்டைப் படித்தேன். என் மனைவியைப் பார்த்தேன். "என்ன அப்படிப் பாக்கறீங்க? கிழவி ஆயிட்டேன்னா?" என்றாள். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குப் படிக்கிற கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பரை ஓரடியில் பிடித்தேன். எழுத்துகள்தான் இருந்தன. சனிக்கிழமையும் எழுத்துகள்தான். நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் பொய். ஒரு வாரம் முழுக்க எட்டு மணி அடிக்கும்போதெல்லாம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வியாழன் பரிசோதனைக்குப் போனேன். இன்றைக்கு டாக்டரம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். நினைத்தது நிஜம். சொல்லியிருப்பேனா என்பது தெரியாது. வராந்தாவில் அதே பெஞ்ச். என் மனைவி மருந்து வாங்கப் போனாள். நான் உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் யார் என்று பார்த்தேன்.

கறுத்த நகம் பாதி வளர்ந்து, அடியில் புது நகம் வெளுப்பாக வந்திருந்தது.

எழுந்து போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். "நல்லா இருக்கீங்களா?" என்று வாய் தானாகக் கேட்டது.

முகத்தை என் பக்கம் திருப்பினார். பார்வை என் முகத்தில் நிற்காமல் தடவிக்கொண்டு போனது.

"யாரு அண்ணே? பக்கத்துல எனக்கு ஒண்ணுமே தெரியல. ஆபரேஷன் ஆனதுலருந்து இப்படித்தான். இப்பத்தான் வந்து காட்ட முடிஞ்சுது."

"வீட்டுல அக்காவை யாரு பாத்துக்கறாங்க?"

தலையைச் சாய்த்து என் குரலையே கேட்டுக்கொண்டிருந்தவர் போல இருந்தார். பிறகு மெதுவாக, "ஒரு உதவி பண்ணுங்க அண்ணே. எழுந்து அந்தக் கோடியில போய் நில்லுங்க. தூரத்துல இருந்தா எனக்கு நல்லாத் தெரியும்," என்றார்.

ஏன் போனேன் என்று தெரியவில்லை. எழுந்தேன். நடந்தேன். முப்பது அடி இருக்கும். தண்ணீர்க் குழாயைத் தாண்டி, அந்த போன் கவுண்டருக்குப் பக்கத்தில் சுவரோரமாகத் திரும்பி நின்றேன். என் புதுக் கண்ணுக்கு அவர் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. அவர் கண் முதல் தடவையாக என்மேல் வந்து நின்றது.

"கையத் தூக்குங்க," என்றார். சத்தமாக இல்லை. வராந்தாவில் அத்தனை பேர் இருந்தும் எனக்குக் கேட்டது.

வலது கையைத் தூக்கினேன்.

"நீங்கதானா," என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். "ஜன்னலத் திறந்தா தெருக்கோடியில தினம் நாற்காலியில வந்து உக்காருவீங்க. முதல் நாள் பயந்துட்டேன் அண்ணே. அப்புறம் நீங்க வந்தாத்தான் ஊசியையே இழுப்பேன். ஒருநாள்கூட அளவு தப்பல."

நான் தூக்கிய கையோடு நின்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"போன வியாழக்கிழமையும் எட்டு மணிக்கு அங்கதான் இருந்தீங்க. கண்ணுல கட்டுப் போட்டு நாற்காலியில உக்காந்திருந்தீங்க. நீங்க கையத் தூக்குவீங்க, தூக்குவீங்கன்னு நான் இழுத்துக்கிட்டே இருந்தேன். அத்தனையும் அக்காவுக்குப் போச்சு," என்றார். "ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு எதுக்கு அண்ணே அப்படி அழுத்திக்கிட்டீங்க?"